ஆசைப்பட்டது உண்மையாகத் தெரிவது ஏன்? கம்பம், குமுளிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய கம்பம், கூடலூர், போடி, குமுளி வட்டாரத்தில் லாட்டரிக் கடை வாசலிலும் ஏலக்காய் மண்டியிலும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் ஒரே சந்தேகம் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது: மனசுக்குப் பிடித்தது ஏன் நிஜம் போலவே தெரிகிறது? கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதில்களில் உளவியல் ஆய்வும் உண்டு, இந்த ஊர்க் கணக்கும் உண்டு.

ஆசைப்பட்டா நம்பிருவோமா? நெனச்ச மாத்திரத்துல ஒண்ணை நம்ப முடியுமாங்க?

முடியாது. நாளைக்கு ஏலக்காய் கிலோ ஒரு லட்சம் என்று நம்பச் சொல்லி யாராவது காசே கொடுத்தாலும் உங்களால் நம்ப முடியாது. நம்புவதற்குக் காரணம் வேண்டும். ஆசை புகுந்து வேலை செய்வது அந்தக் காரணத்தைத் தேடும் இடத்தில்தான். ஸீவா குண்டா என்ற உளவியலாளர் 1990-ல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக வகுத்தார்: நமக்கு வேண்டிய முடிவை நோக்கி நினைவுகளையும் ஆதாரங்களையும் பொறுக்குகிறோம், ஆனால் நாலு பேர் ஏற்கும்படி நியாயம் கட்ட முடிகிற எல்லை வரைதான் போகிறோம்.

காய் தரம் பிரிக்கும் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்த செய்தி வந்தால் பெரிய கண் சல்லடையை எடுக்கிறோம், எல்லாம் விழுந்துவிடும். பிடிக்காத செய்திக்குப் பொடிக்கண் சல்லடை. ஒவ்வொரு முறையும் சலித்தோம் என்பது உண்மைதான். அதனால்தான் நேர்மையாக யோசித்த திருப்தி கிடைக்கிறது.

அப்போ இது பொய் சொல்றதுதானே?

பொய் சொல்பவருக்கு நிஜம் எது என்று தெரியும், அதை மறைக்கிறார். இங்கே சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. ஆகவே ‘பொய் சொல்றே’ என்று ஆரம்பித்தால் அவர் கோபப்படுவது நியாயம்.

கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்றாங்களே. கண்ணுமா ஆசைக்குத் தக்கன ஆடும்?

ஓரளவு ஆடும். 2006-ல் எமிலி பால்செட்டிஸ், டேவிட் டன்னிங் இருவரும் வெளியிட்ட சோதனைகளில், ஆங்கில எழுத்து ‘பி’ போலவும் 13 போலவும் தெரியும் ஓர் உருவத்தைக் கண நேரம் காட்டினார்கள். எழுத்து வந்தால் ஆரஞ்சுச் சாறு, எண் வந்தால் நாற்றமடிக்கும் பச்சைக் கலவை என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் எழுத்தைப் பார்த்தார்கள். எண்ணுக்குச் சாறு என்றதும் 13 தெரிந்தது. உருவம் இரண்டு விதமாகவும் தெரியக்கூடியது என்பதைக் கவனியுங்கள். பளிச்சென்று ‘பி’ என்று எழுதியிருந்தால் எந்த ஆசையாலும் அதை 13 ஆக்க முடியாது.

இதைவிடப் பழைய ஆய்வு ஒன்று நம் ஊர் கபடி நடுவர்களுக்கு நன்றாகப் புரியும். 1951-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகளுக்கு இடையே முரட்டுத்தனமான கால்பந்து ஆட்டம் ஒன்று நடந்தது. ஒரே படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, தவறான ஆட்டங்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் செய்த தவறுகளை பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரியாக 9.8 என்று எண்ணினார்கள். டார்ட்மத் மாணவர்களுக்குத் தெரிந்தது 4.3.

ஒரே ஒரு நம்பர்ல போச்சுங்க! அடுத்த குலுக்கல்ல நெருங்கிருச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேரள வாராந்திரச் சீட்டில் (கிழமைக்கு ஒன்றாகத் தினமும் ஒரு குலுக்கல்) 6 இலக்க எண், 12 சீரிஸ் (எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து வரிசை). ஆறு இடங்களில் ஏதாவது ஓர் இடம் மட்டும் மாறினால் ‘ஒரு நம்பர்ல போச்சு’. ஒவ்வோர் இடத்திலும் மாற்றாக வரக்கூடிய இலக்கங்கள் ஒன்பது. முதல் இலக்கம் பூஜ்யமாக வராது என்பதால் அங்கே எட்டு. ஆக 53 எண்கள், 12 சீரிஸிலும் சேர்த்து 636 சீட்டு. எல்லாச் சீட்டும் விற்றிருந்தால், ஒவ்வொரு நாளும் மாலையில் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உங்களைப் போலவே நெற்றியில் அடித்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த குலுக்கலுக்கு இந்த எண் நினைவிருக்காது.

கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 4 வரவேண்டிய இடத்தில் 5 வந்தால் ‘பக்கத்துல வந்துச்சு’ என்கிறோம், 9 வந்தால் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. குலுக்கலில் 4-க்குப் பக்கத்து வீடு 5 கிடையாது. கேரளச் சீட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்து எல்லைக்கு இந்தப் பக்கம் திருட்டுத்தனமாக நடக்கும் மூணு நம்பர் ஆட்டம் கொழிப்பது இந்த ‘பக்கத்துல வந்துச்சு’ என்ற நினைப்பில்தான். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை, இது சட்டப்படியும் குற்றம்.

நானே பாத்து எடுக்குற சீட்டுக்கு ஒரு ராசி இருக்குல்ல?

எல்லென் லாங்கர் 1975-ல் சோதித்தார். அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு விற்கப்பட்டது. பாதிப் பேர் தாங்களே பொறுக்கி எடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கையில் கொடுக்கப்பட்டது. குலுக்கலுக்கு முன் திரும்ப விற்கக் கேட்டபோது, கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் சொன்னார்கள். தாங்களே எடுத்தவர்கள் சொன்னது 8.67 டாலர். எல்லாச் சீட்டுக்கும் ஒரே வாய்ப்புதான்.

ஓணம் பம்பர் நம்ம தமிழ்நாட்டு ஆளுங்களுக்கே அடிச்சுச்சே, அது நடந்ததுதானே?

நடந்ததுதான். 2023-ல் கேரள அரசின் ஓணம் பண்டிகைச் சிறப்புச் சீட்டில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர் சேர்ந்து எல்லையில் உள்ள வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அந்த ஆண்டு விற்றவை 75 லட்சத்துக்கும் மேல், ஒன்று 500 ரூபாய். ஜெயித்தவர் செய்தியில் வருவார். தோற்ற சீட்டுகள் குமுளி பஸ் நிலையத்தில் காலடியில் கிடக்கும், அதை யாரும் படம் எடுப்பதில்லை. ‘நம்ம ஆளு’ என்பதும் சேர்ந்தால், லட்சக்கணக்கில் ஒன்று என்பது பக்கத்துத் தெருவில் நடந்ததுபோல ஆகிவிடுகிறது.

2019-ல ஏலக்காய் கிலோ ஏழாயிரம் போச்சு. திரும்பப் போகும்னு மூட்டையை வச்சிருக்கேன். அது ஆசையா, கணக்கா?

நீங்கள் எந்த விலையை நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏலக்காய் ஏல மையங்களான புற்றடியிலும் போடியிலும் ஏலம் முடிந்தால் இரண்டு விலை வரும்: அதிகபட்சம், சராசரி. 2019 ஆகஸ்டில் வந்த 7,000 அதிகபட்ச விலை, நல்ல தரக் காய்க்குக் கிடைத்தது. சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. விற்க நினைப்பவர் அதிகபட்சத்தைப் பேசுவார், வாங்க வந்தவர் சராசரியைப் பேசுவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

அடுத்து, அப்போது ஏன் ஏறியது? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செடி போனது, 2019 கோடையில் வறட்சி. காய் இல்லை, விலை ஏறியது. விலையைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். நட்ட ஏலச் செடி ஓரளவு காய்க்க மூன்று வருஷம் ஆகும். நடுவில் கொரோனா வந்து தேவையும் விழுந்தது. 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்தது. ஆகவே கேட்க வேண்டியது ‘திரும்பப் போகுமா’ என்றல்ல, ‘இந்த வருஷம் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் காய் எவ்வளவு குறைவு’ என்று. இரண்டாவது கேள்விக்கு விசாரித்தால் பதில் கிடைக்கும்.

பிறகு வைத்திருப்பதன் செலவு. கிலோ 2,500 என்று வைத்துக்கொண்டு 100 கிலோ கையில் இருந்தால் 2,50,000 ரூபாய் முடங்குகிறது. வருஷம் 12 சதவீத வட்டி என்றால் மாதம் 2,500, ஆறு மாதத்தில் 15,000, அதாவது கிலோவுக்கு 150. ஈரம் ஒரு சதவீதம் இறங்கினால் எடை குறைந்து கிலோவுக்கு இன்னும் 25 ரூபாய் போகும். பச்சை நிறம் வெளிறினால் தரமே ஒரு படி கீழே போகும். வட்டியையும் எடையையும் மட்டும் கூட்டினாலே, 2,675-க்குக் கீழே விற்றால் விலை ஏறியும் நட்டம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் வைத்திருக்கத் தோன்றினால் வையுங்கள், அது கணக்கு. போடவே பிடிக்கவில்லை என்றால் அது ஆசை.

வாங்குறவரைக்கும் ஆயிரம் யோசனை. வாங்கினப்புறம் ஒரு சந்தேகமும் வரலையே, ஏன்?

1968-ல் நாக்ஸ், இங்க்ஸ்டர் என்ற இருவர் கனடாவில் வான்கூவர் குதிரைப் பந்தய மைதானத்தில் 141 பேரிடம், ‘உங்கள் குதிரை ஜெயிக்கும் என்று எவ்வளவு உறுதி?’ என்று ஏழு புள்ளி அளவில் கேட்டார்கள். பணம் கட்டப் போகிறவர்கள் மூன்றரைக்குச் சற்றுக் கீழே நின்றார்கள். கட்டி முடித்து வந்தவர்கள் 4.8. நடுவில் குதிரை ஒன்றும் மாறவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள், முயல் பிடிபட்ட பிறகுதான் கால் குறைகிறது. இதனால் யோசனை கேட்பதென்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்பது பெரும்பாலும் ஆறுதலுக்குத்தான்.

சுகர் கூட வந்தா லேப் தப்புன்னு தோணுது. இன்னொரு எடத்துல பாக்குறது தப்பா?

இன்னொரு முறை பார்ப்பது நல்லதுதான். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்து, அறிகுறி எதுவும் இல்லையென்றால், மருத்துவர்களே மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். சிக்கல் வேறு இடத்தில்: 118 வந்தால் நீங்கள் மறுபரிசோதனை செய்வதில்லை. பிடிக்காத விடைக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு. மூன்று இடத்தில் எடுத்து, குறைந்ததைப் பையில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

1992-ல் டிட்டோ, லோபெஸ் என்பவர்கள் எச்சிலில் நனைக்கும் ஒரு காகிதப் பட்டையைக் கொடுத்து, நிறம் மாறுவதை வைத்து உடலில் ஒரு குறை இருக்கிறதா என்று தெரியும் என்றார்கள். உண்மையில் அந்தப் பட்டை எதற்கும் நிறம் மாறாது. மாறாதது கெட்ட செய்தி என்று நினைத்தவர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள், திரும்பத் திரும்ப நனைத்தார்கள். நல்ல செய்தி என்று நினைத்தவர்கள் சட்டென்று முடித்துக்கொண்டார்கள். மேலே சொன்ன சல்லடை இதுதான்.

செய்ய வேண்டியது எளிது. ஊசி போடும் முன்பே முடிவு செய்யுங்கள்: எந்த விடை வந்தாலும் இரண்டு வாரம் கழித்து அதே நிலையத்தில், அதே நேரத்தில் மீண்டும் எடுப்பேன் என்று. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையையும் கேட்டு எடுங்கள். அதற்கு முந்தின நாள் சாப்பாட்டைக் குறைத்து ஏமாற்ற முடியாது.

முல்லைப் பெரியாறு விசயத்துல நாம சொல்றது நெஜமா, அவங்க சொல்றது நெஜமா?

குமுளி மலைச்சாலைக்குக் கீழே பிறந்தால் ஒரு நம்பிக்கை, மேலே வண்டிப்பெரியார் பக்கம் பிறந்தால் வேறொன்று. இதைக் கவனிப்பதிலிருந்தே தொடங்கலாம். அணை 1895-ல் கட்டி முடிந்தது, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த கட்டுமானம். நீர்மட்டம் 152 அடியிலிருந்து 1979-ல் 136 ஆக்கப்பட்டது. 142 வரை தேக்கலாம் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2014 மே 7-ல் அதன் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. பெரியாற்றின் கரையோரம் வீடு உள்ளவருக்கு மழை பெய்தால் தூக்கம் வராது. இரண்டு தரப்பின் தேவையும் நிஜம்.

இதில் உண்மையில் மூன்று தனிக் கேள்விகள் இருக்கின்றன: அணை எவ்வளவு பலம், தேனி முதல் ராமநாதபுரம் வரை எவ்வளவு தண்ணீர் வேண்டும், மதகு யார் கையில் இருக்க வேண்டும். முதலாவது பொறியியல், இரண்டாவது பாசனக் கணக்கு, மூன்றாவது அரசியல். ஒன்றின் விடை மற்றதைத் தீர்மானிக்காது. ஆனாலும் நம்மிடையே மூன்றுக்கும் ஒரே பக்கமாக விடை சொல்பவர்கள்தான் அதிகம், அந்தப் பக்கமும் அப்படியே. விடைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அங்கே ஆசை வேலை செய்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு நிபுணர் குழு அறிக்கை வந்ததும் கையெழுத்துப் போட்டவர் எந்த மாநிலம் என்று முதலில் பார்த்தீர்களா? நமக்குச் சாதகமான அறிக்கையிலும் அதைப் பார்த்தீர்களா?

அப்படின்னா ஆதாயம் இருக்குறவன் சொல்றதெல்லாம் பொய்யா?

அப்படிப் போகக் கூடாது. பெரிய குழி இதுதான். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் அணை பலவீனமாகிவிடாது, பலமாகவும் ஆகிவிடாது. ஆசை இருப்பது, அவர் எந்தச் சல்லடையில் சலித்தார் என்று கேட்கத்தான் காரணம். பதில் ஆதாரத்தில்தான் இருக்கிறது. எதிராளியின் ஆசையை மட்டும் காட்டிப் பேச்சை முடிப்பவர் இந்தக் கேள்வி-பதிலைத் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்.

படிச்சவங்களுக்கு, கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இது வராதுல்ல?

வரும். அமெரிக்காவில் டான் கஹான் குழுவினர் ஓர் எண் அட்டவணையைத் தோல் களிம்புச் சோதனை என்று சொல்லிக் காட்டினார்கள், கணக்கு வல்லவர்கள் சரியாகப் படித்தார்கள். அதே எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாடு என்று பெயர் மாற்றிக் காட்டியதும், அந்த வல்லவர்களே தங்கள் கட்சிக்கு ஏற்ற விடைக்குச் சாய்ந்தார்கள். 2017-ல் வெளியான இந்த ஆய்வை மறுபடி செய்தபோது சில இடங்களில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் படிப்பு காப்பாற்றும் என்று காட்டுவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. படித்தவருக்குக் காரணம் கட்டும் திறமை கூடுதல், அவ்வளவுதான்.

பயப்படுறதையும்தான் நம்புறோம். அதுக்கு ஆசை எங்க இருக்கு?

சரியான கேள்வி. ராத்திரி பையன் வர நேரமானால் ‘வண்டி மோதியிருக்கும்’ என்றுதான் மனசு போகிறது. எல்லா நம்பிக்கையும் ஆசையால் வருவதில்லை. பயத்துக்குத் தனி வழி உண்டு: ஏமாந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. இரண்டிலும் பொதுவானது, ஆதாரம் போதும் என்று தேடலை நிறுத்தும் இடம் முன்கூட்டியே வந்துவிடுவது.

நல்லதே நெனச்சா நல்லதே நடக்கும்னு சொல்றாங்களே?

இரண்டைப் பிரிக்க வேண்டும். ‘என்னால் முடியும்’ என்ற எதிர்பார்ப்பு ஒன்று, முடிந்துவிட்டதாகக் கனவு காண்பது இன்னொன்று. 1991-ல் எட்டிங்கன், வாடன் என்பவர்கள் எடை குறைக்கச் சேர்ந்த பெண்களை ஓராண்டு கவனித்தார்கள். முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதிகம் குறைந்தது. மெலிந்தபின் எப்படி இருப்போம் என்று இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது.

சரிங்க, என்னதான் பண்ணணும்? படிப்படியா சொல்லுங்க.

விஷயத்தை ஆராயத் தொடங்கும் முன், ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி: எது உண்மையாக இருந்தால் எனக்கு வசதி? இரண்டாவது: எந்த எண், எந்தத் தேதிக்குள் வந்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்வேன்? ‘விலை சரியில்லைன்னா வித்துருவேன்’ என்று எழுதினால் பயனில்லை. ‘ஜனவரி 31-க்குள் சராசரி 2,700-ஐத் தொடவில்லை என்றால் பாதியை விற்பேன்’ என்று எழுத வேண்டும். தேதி போட்டு, வீட்டில் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து இல்லாத தேதி நகர்ந்துகொண்டே போகும்.

பிறகு எதிர்ப்பக்கத்தைக் கட்டுங்கள். ‘நடுநிலையாக இருங்கள்’ என்று சொல்வது அதிகம் உதவாது. 1984-ல் லார்ட், லெப்பர், பிரெஸ்டன் செய்த சோதனையில், ‘இதே முறையில் செய்த ஆய்வு எதிரான விடையைக் கொடுத்திருந்தால் அதையும் ஏற்பீர்களா’ என்று யோசிக்க வைத்ததுதான் சாய்வைக் குறைத்தது. வாட்ஸாப்பில் வந்த செய்தியையும் இதே கேள்வியால் சலிக்கலாம்.

கடைசியாக, கமிஷன் இல்லாத ஆளிடம் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். ‘இது நல்ல இடம்தானே?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். ‘இது தப்பாகப் போச்சுன்னா எதனால போயிருக்கும்?’ என்று கேளுங்கள். பெண் கொடுக்கும் வீட்டைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாகச் சொன்னார்கள் என்றால், அந்த நாலு பேரைக் கைகாட்டியது யார் என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரே காட்டியிருந்தால் அது ஒரே சாட்சி.

எங்க அப்பா தினமும் சீட்டு எடுக்குறாரு. எப்படிச் சொல்லிப் புரிய வைக்குறது?

வாய்ப்புக் கணக்கைச் சொல்லி வாதாடாதீர்கள். தினம் ஒரு 50 ரூபாய்ச் சீட்டு என்றால் வாரம் 350, வருஷம் 18,200. இதையும் நீங்கள் சொன்னால் சண்டை, அவரே எழுதினால் கணக்கு. ‘எவ்வளவு போட்டீங்க, எவ்வளவு வந்துச்சு, ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதுங்கப்பா’ என்று மட்டும் கேளுங்கள். நூறு ரூபாய் விழுந்தது நினைவில் நிற்கும், அதற்கு முன் போட்ட ஐந்நூறு நிற்காது என்பதால்தான் நோட்டு. கடன் வாங்கி எடுக்கிறார், மறைத்து எடுக்கிறார் என்றால் நோட்டு போதாது. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

நீங்க எழுதுறதையும் நீங்க நம்ப ஆசைப்படுறதாலதானே எழுதுறீங்க?

இருக்கலாம். மேலே சொன்ன ஆய்வுகளில் பல ஒரே ஒரு நாட்டு மாணவர்களை வைத்து நடந்தவை. பால்செட்டிஸ் சோதனை போன்றவற்றில், நிஜமாகவே கண் மாறியதா, சொல்லும் விடை மட்டும் மாறியதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. லாட்டரிக் கணக்கும் வட்டிக் கணக்கும் ஆய்வை நம்பி இல்லை, அவற்றை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

‘கேரளா லாட்டரியில உங்க நம்பருக்கு அடிச்சிருக்கு, வரி கட்டினா பணம் வரும்’னு போன் வந்துச்சு. நெஜமா இருக்குமோ?

இருக்காது. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாகக் கடையில் மட்டுமே விற்கிறது, இணையத்தில் விற்பதில்லை. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. பரிசுக்கு வரி உண்டு, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், முன்கூட்டி யாரும் கட்டச் சொல்வதில்லை. ‘ஒருவேளை நெஜமா இருந்தா?’ என்ற அந்த ‘ஒருவேளை’க்காகத்தான் அவர்கள் ஆயிரம் பேருக்குப் போன் போடுகிறார்கள்.

சீட்டு நிஜமாகவே கையில் இருந்தால், அரசிதழில் வந்த முடிவோடு ஒப்பிடுங்கள். பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 5,000 ரூபாய் வரை லாட்டரிக் கடையிலேயே வாங்கலாம். அதற்கு மேல் என்றால் அடையாள அட்டையோடு வங்கி அல்லது லாட்டரி அலுவலகம் வழியாக, குலுக்கல் முடிந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.